மிருதுளா பிழைத்துக்கொண்டாள்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எப்சிபா கேட்ட புத்தகம் இன்று வந்து சேர்ந்தது. 'பறவைக்குப் பதினேழு வயது' என்று பெயர். அட்டையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். பின்னட்டையைப் படித்ததும் திக்கென்றது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மிருதுளா என்ற பெண் தற்கொலை செய்துகொள்ளும் கதையாம். 'ஒவ்வோர் இளைஞர் கையிலும் இருக்க வேண்டிய நாவல்' என்று யாரோ ஒருவர் பாராட்டியிருக்கிறார். அவருக்குப் பிள்ளைகுட்டி உண்டா என்று தெரியவில்லை.

எப்சிபா இங்கே பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிறவியிலேயே கண் தெரியாது. அவளுடைய பாடப் புத்தகங்களை நான் உரக்கப் படித்து, போனில் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். போன வருடம் கல்லூரியில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் நாள் முழுக்க டி.சி. எழுதுகிறவளுக்கு வீட்டில் உரக்கப் படிப்பது ஒரு மாற்றமாக இருந்தது. இதுவரை இலக்கணம், இலக்கிய வரலாறு என்றுதான் போனது. கதைப்புத்தகம் கேட்டது இதுதான் முதல் தடவை. துறைக் கருத்தரங்கில் இளையோர் நாவல் பற்றி அவள் பேச வேண்டுமாம்.

இந்தப் புத்தகம் எனக்கு ஒத்துவராது. அவளிடம் வேறு கேட்கலாமா என்று பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வேறு கேட்கவில்லை. முதல் இரண்டு அத்தியாயங்களைப் பதிவு செய்துவிட்டேன்.

பதிவு செய்வது என்றால் ஃபேனை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், வியர்வையில் குளிக்க வேண்டும். கதவு சரியாகச் சாத்துகிற அறை இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது அம்மாவின் அறை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வாள். மூச்சு விடாமல் ஆய வேண்டும் என்று கண்டிஷன்.

நாவல் சுமார்தான். மிருதுளாவைத் தவிர அதில் வருகிற எல்லோரும் கெட்டவர்கள். கணக்கு வாத்தியார் திட்டுகிறார், தோழிகள் சிரிக்கிறார்கள், அப்பா போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவள் அம்மா வாயைத் திறந்தால் கத்துகிறாள், சமைக்கிற நேரம் தவிர. இதை அம்மாவை எதிரே வைத்துக்கொண்டு படிக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எப்சிபா எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் ஓட்டித்தான் கேட்பாள். உடனே பதில் வந்துவிட்டது. ரேடியோ நாடகம் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படிக்காதீங்க அக்கா, யார் நல்லவங்க யார் கெட்டவங்கன்னு நானே கண்டுபிடிச்சுக்கிறேன் என்கிறாள். வாய்க் கொழுப்புக்குக் குறைச்சல் இல்லை.

ஆகஸ்ட் 12, சனி

ஆறாவது அத்தியாயம்.

இந்த நாவலாசிரியரை நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஐந்து அத்தியாயம் அபத்தமாக எழுதிவிட்டு ஆறாவதில் இப்படி எழுதினால் எப்படி? ஒன்றுமே நடப்பதில்லை. மிருதுளா தலைக்குக் குளிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், அவ்வளவுதான். சீப்பு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. எடுக்க முடியவில்லை. சோம்பேறித்தனம் இல்லை, துக்கம்கூட இல்லை, கை தன்னுடையதாகவே இல்லை என்று எழுதியிருக்கிறார். பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். இதை இவ்வளவு சரியாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். இந்தப் பிள்ளை ஏன் எழுந்திரிக்க மாட்டேன் என்கிறாள், காய்ச்சலா என்று கேட்டாள். காய்ச்சல் இல்லை என்றேன். மறுபடி கீரைக்குத் திரும்பினாள்.

என் தங்கை ஆவுடையும் அந்த வருடம் இப்படித்தான் படுத்தே கிடந்தாள். அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்தொன்பது. வயிற்றுவலியில் இறந்துபோனாள்.

இட்லிக்கு உளுந்து போடவில்லை. போய்ப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பதிவு செய்யாமல் புத்தகத்தைக் கடைசிவரை நானாகப் படித்து முடித்தேன். முடிவு தெரியாமல் குருட்டாம்போக்கில் போக எனக்குத் தைரியமில்லை.

மிருதுளா இறந்துவிடுகிறாள். கடைசி அத்தியாயம் முழுக்க அவளுடைய இறுதி ஊர்வலம். என்ன ஒரு ஊர்வலம். கணக்கு வாத்தியார் படத்துக்கு முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்கிறார். சிரித்த தோழிகள் கூட்டமாகக் கதறுகிறார்கள். அப்பா போனைத் தூக்கி எறிகிறார். அவள் பெயரில் பள்ளிக்கூடத்தில் மரம் நடுகிறார்கள், உடனே மழை வருகிறது, பறவைகள் வருகின்றன. பூக்களுக்கு நடுவே அவள் முகம் என்றுமில்லாத அழகோடு இருந்ததாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. பொய் என்று தெரிந்தே அழுதேன். பத்தொன்பது வயதில் ஒருத்தி தனியாக, காதில் இயர்போனோடு இதைக் கேட்டால் என்ன ஆகும்? செத்தால்தான் மதிப்பு என்று தோன்றிவிடாதா? அதே சமயம் ஆறாவது அத்தியாயத்தை எழுதிய கைதானே இதையும் எழுதியது. புத்தகத்தைப் பாதியாகக் கிழித்து முன்பாதியை மட்டும் கொடுக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

எப்சிபாவுக்குப் போன் போட்டு ஏன் இந்தப் புத்தகம் என்று சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டேன். துறையில் கொடுத்த ஐந்து புத்தகங்களில் எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாமாம். மற்ற நாலும் புத்தி சொல்லுது அக்கா என்றாள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மேலே கேட்கவும் வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம் முடிந்து மிட்டாயோடு வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் இரண்டு அத்தியாயங்கள்.

இப்போதெல்லாம் நான் கூப்பிடுவதற்கு முன்பே அம்மா ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கீரை இல்லை, கையில் வேறு வேலையும் இல்லை. டி.வி. சீரியலைக்கூட விட்டுவிட்டு வருகிறாள். முடித்ததும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தினம் அதே கேள்விதான்.

"ஏட்டி உலகு, அந்தப் புள்ள பொழச்சுக்கிடுவாளா?"

பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

தொண்டை சரியில்லை, பதிவு செய்ய முடியவில்லை என்று எப்சிபாவுக்குச் செய்தி போட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கடைசி அத்தியாயம். இன்று அம்மா குளித்து, புடவை மாற்றி, கோயிலுக்குக் கிளம்புகிறவள் போல வந்து உட்கார்ந்தாள்.

புத்தகத்தைத் திறந்தேன். முதல் வரியில் தெருவே அழுதுகொண்டிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டுகிறாள் என்று ஆரம்பித்தேன். என்ன தைரியத்தில் ஆரம்பித்தேனோ. மிருதுளா எழுந்து வந்து கதவைத் திறக்கிறாள். அந்த அக்கா ஒன்றும் கேட்காமல் அடுப்பில் வெந்நீர் வைத்து அவளுக்குத் தலைக்கு ஊற்றிவிடுகிறாள். ஈரத்தலையோடு மிருதுளா இரண்டு தோசை சாப்பிடுகிறாள். அந்த ஆசிரியரின் நடை இத்தனை நாளில் எனக்குப் படிந்துபோயிருந்தது. தங்குதடையில்லாமல் வந்தது. கடைசியில் பறவைகளைக்கூட விட்டுவிடாமல் கொண்டுவந்து சேர்த்தேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நல்லவேளை என்றாள். எழுந்து போய் உலை வைத்தாள்.

எப்சிபாவுக்காக வேறு பதிவு செய்ய வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அதையே அனுப்பிவிட்டேன். கேட்டால் என்ன கெட்டுப்போகிறது? உண்மையைச் சொன்னால், நான் கட்டிச் சொன்ன முடிவு அந்த ஆசிரியருடையதைவிட நன்றாகவே இருந்தது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

எப்சிபா சாயங்காலம் கூப்பிட்டாள். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது.

"அக்கா, கடைசி அத்தியாயத்துல பக்கம் திருப்புற சத்தமே வரல. மத்த எல்லாத்துலயும் வரும். நீங்க எச்சி தொட்டுத் திருப்புறதுகூட எனக்குக் கேக்கும்."

சந்தேகப்பட்டு ஹாஸ்டல் தோழியிடம் நூலகத்துப் பிரதியை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் தப்பித்தாளாம். இல்லாவிட்டால் முப்பதாம் தேதி மொத்தத் துறையின் முன்னால் நின்று, மிருதுளா தோசை சாப்பிட்டாள் என்று பேசியிருப்பாள். அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கக் காது சுட்டது. கருத்தரங்கைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

"கண்ணு தெரியாதவளுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாதுன்னு சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் முடிவு பண்ணிக்கிட்டே இருக்காங்க. நீங்க பண்ணமாட்டீங்கன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டாள். ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இரண்டாம் தடவையும் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 23, புதன்

ஆபீஸ் இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே நின்று எப்சிபாவைக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன், எடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். அந்தச் சரியில் ஒன்றும் சரியாகவில்லை. பிறகு எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேவிட்டேன்.

"எப்சி, உனக்கு அந்த மாதிரி நெனப்பு ஏதும் இருக்கா? செத்துப்போயிரலாம்னு?"

எதிர்முனையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"மொத வருசம் ஹாஸ்டல்ல இருந்துச்சுக்கா. வார்டன் மிஸ்கிட்ட நானே போய்ச் சொன்னேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, இப்பவும் மாசாமாசம் போறேன். இப்ப இல்ல. ஆனா இப்படி நேரா யாரும் என்னக் கேட்டதில்ல."

கேட்டதற்குக் கோபமில்லை, கேட்காமல் கதையை மாற்றியதற்குத்தான் கோபம் என்றாள். அந்தச் சீப்பு அத்தியாயத்தைப் பற்றி யாரோ சொல்லித்தான் புத்தகத்தையே எடுத்திருக்கிறாள். தனக்கு நடந்தது அச்சில் இருக்கிறது என்று கேட்டதும் விடமுடியவில்லையாம். அதை எழுதியவர் முடிவில் என்ன சொல்கிறார் என்று தெரிந்தால்தானே அவரை நம்பலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். 

அப்புறம் நான் சொன்னேன். மாடிப்படிக்குக் கீழே, சாக்பீஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, என் தங்கை ஆவுடை வயிற்றுவலியில் சாகவில்லை என்று சொன்னேன். மஸ்கட்டில் இருக்கும் என் கணவருக்குக்கூட வயிற்றுவலி என்றுதான் தெரியும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பேப்பரிலும் 'தீராத வயிற்றுவலி' என்றே போடுவார்கள். படிக்கிற எல்லோருக்கும் புரியும், ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மற்றப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே. அந்த மற்றப் பெண் நான்தான்.

இங்கேயே பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு நான் வயிற்றுவலி என்று எழுதியிருக்கிறேன். யாரும் பார்க்காத டைரியில் யாருக்குப் பயந்து எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துத் திருத்தவும் மனமில்லை, அப்படியே கிடக்கட்டும்.

அம்மாவின் கேள்வி பதிவுகளின் கடைசியில் விழுந்திருக்கிறது போல, உங்க அம்மா கேட்டாங்கன்னுதான் மாத்துனீங்களா என்றாள் எப்சிபா. ஆமாம் என்றேன். உனக்காகவும் கொஞ்சம் என்றேன். எனக்காகவும் இருக்கலாம். எது எவ்வளவு என்று எனக்கே பிடிபடவில்லை.

உள்ளதை உள்ளபடி வாசித்து அனுப்புங்க என்று சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 26, சனி

அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுப் பதிவு செய்யலாம் என்று பார்த்தேன். போகமாட்டேன் என்றாள். முடிந்துபோன கதைதானே, சத்தம் சரியில்லை என்று மறுபடி பதிவு செய்கிறேன் என்று சமாளித்துப் பார்த்தேன்.

"ஏட்டி, அன்னைக்கு நீ வாசிச்சது புஸ்தகத்துல கெடையாது. அந்தப் புள்ள எந்திரிச்சு வந்து கதவத் தொறக்க மாட்டா. எனக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் நல்லவேளை என்று சொல்லியிருக்கிறாள். யாருக்காகச் சொன்னாள்?

ஃபேனை அவளே நிறுத்தினாள். நான் படித்தேன். ஏற்ற இறக்கம் இல்லாமல், எப்சிபாவுக்குப் பிடித்த மாதிரி, ஒவ்வொரு பக்கத்தையும் சத்தம் வரத் திருப்பிப் படித்தேன். தெரு அழுதது. தோழிகள் அழுதார்கள். வாத்தியார் படத்துக்கு முன்னால் விழுந்தார். அம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

"இது பொய். எல்லாரும் வந்து அழுதாவளாம். நம்ம வீட்டுல எவ அழுதா? வந்தவுக எல்லாம் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டரு, வலி எந்தப் பக்கம்னு கேட்டாவ. ஒருத்திக்குச் சொன்னத இன்னொருத்திக்கு மாத்திச் சொல்லிரக் கூடாதேனு அதே நெனப்புல உக்காந்திருந்தேன். எனக்கு அழ நேரமில்ல ஏட்டி."

போன் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா மேலே படி என்றாள். மரம் நட்டார்கள், மழை பெய்தது. முடித்தேன். அம்மா ஃபேனைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. பயமாக இருந்தது. இத்தனை வயதானவளிடம் இதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டுமா?

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அம்மா வழக்கம்போல எழுந்து காபி போட்டாள்.

பதிவில் அம்மா பேசியதை வெட்டிவிட்டு எப்சிபாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். இருக்கட்டும், அந்தப் பிள்ளை கேட்கட்டும் என்றாள். அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

கருத்தரங்கு நேற்று முடிந்தது. எப்சிபா பேசியதைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். இப்போது நான் கேட்கிறவள். ஆறாவது அத்தியாயம் மெய், அதற்காக இந்த ஆசிரியருக்கு நன்றி. கடைசி அத்தியாயம் பொய், அதற்காக இவர் மேல் எனக்குக் கோபம் என்று பேசியிருக்கிறாள். சாவு வீட்டில் அழுகை இப்படி வரிசையில் வராது என்று எப்படிச் சொல்கிறாய் என்று ஒரு பேராசிரியர் கேட்டிருக்கிறார். ஓர் ஆச்சி சொன்னாங்க சார் என்று பதில் சொல்லியிருக்கிறாள். கைதட்டல் கேட்டது. சிலர் தட்டவில்லை என்றும் தெரிந்தது.

எனக்கு அவ்வளவு தெளிவு வரவில்லை. ஆபீசில் கூட வேலை செய்கிறவள், தன் மகளுக்குக் கதைப்புத்தகம் எதுவும் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். பதினாறு வயது மகள். புத்தகத்தைப் பையில் வைத்தேன், வெளியே எடுத்தேன், மறுபடி வைத்தேன். கடைசியில் நீங்கள் முதலில் படியுங்கள், பிறகு அவளோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். சரியாகத்தான் செய்தேனா?

எப்சிபா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்கிறாள். என்னைப் பார்க்க இல்லையாம், ஆச்சியைப் பார்க்க.

செப்டம்பர் 3, ஞாயிறு

எப்சிபா பத்து மணிக்கு ஆட்டோவில் வந்தாள். நாங்கள் நேரில் சந்திப்பது இது இரண்டாவது தடவைதான். குச்சியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, அம்மா கொடுத்த அதிரசத்தைக் கூச்சமில்லாமல் சாப்பிட்டாள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி அம்மாவிடம் புகார் சொன்னாள். பிறகு வெடுக்கென்று கேட்டாள்.

"ஆச்சி, ஆவுடை அக்கா எப்படி இருப்பாங்க?"

இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கேட்டு இருபத்தைந்து வருடமாகிறது. நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அதிரசத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தாள். அது அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. வந்து எப்சிபாவின் முன்னால் நீட்டிய பிறகுதான் அவளுக்குக் கண் தெரியாது என்பது அம்மாவுக்கு உறைத்தது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

சொல்லுங்க ஆச்சி என்றாள் எப்சிபா.

அம்மா போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. நல்ல உயரம். அக்காவான என்னைவிட உயரம் என்பதில் அவளுக்குப் பெருமை. நடந்தால் தரை அதிரும். தயிர் ஆகாது. சைக்கிள் ஓட்டத் தெரியாமலே தெரியும் என்று சொல்லி எதிர்வீட்டுச் சைக்கிளைச் சாக்கடையில் விட்டவள். இதில் பாதி எனக்கு மறந்துபோயிருந்தது.

"அழகா இருப்பாங்களா?"

அம்மா போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பொய் சொல்லக் கூடாது. மூக்கு பெருசு. அவ அப்பா மூக்கு. ஏன் எனக்கு இந்த மூக்கக் குடுத்தேன்னு தெனமும் என்கிட்ட சண்டைக்கு வருவா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எப்சிபாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அம்மாவின் சிரிப்பு நிற்கவில்லை. எந்த இடத்தில் அது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டோவை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். நான் கதவைச் சாத்தப் போனேன். பிறகு சாத்தவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்தார். இந்தத் தெருவுக்கு வந்து நாலு வருடம்தான் ஆகிறது. என்னாச்சு, யாருக்கு என்ன என்று வாசலிலிருந்தே பதறினார்.

"எம் மவ செத்துப்போயிட்டா" என்றாள் அம்மா.

பாத்திமுத்து அக்கா என்னைப் பார்த்தார். உயிரோடு நிற்கிற என்னையும், அம்மாவின் மார்பில் இருந்த பழைய போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவரும் அழ ஆரம்பித்தார்.